வெள்ளோட்டம் விடும் இமேஜ்கள்

புதுத் தேர் செய்தால் திருவிழாவுக்கு முன் ஒருநாள் அதை வெறுமனே இழுத்துப் பார்ப்பார்கள். சாமி ஏறியிருக்காது. அச்சு தாங்குகிறதா, வளைவில் சக்கரம் திரும்புகிறதா, எந்த இடத்தில் முட்டுக்கட்டை போட வேண்டும் என்பதெல்லாம் அன்றைக்குத் தெரிந்துவிடும். இதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். மேகக் கணிமையிலும் வெள்ளோட்டம் உண்டு, அதுவும் நாள்தோறும். டெபியன், உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் இயங்குதளங்கள் தங்கள் அடுத்த பதிப்பை ‘ஸ்டேபிள்’ என்று அறிவிப்பதற்கு மாதக்கணக்கில் முன்பே, அதை மேகத்தில் ஏற்றத் தயாரான இமேஜாகக் கட்டிப் பொதுவில் வைத்துவிடுகின்றன. காசு கிடையாது, அனுமதி கேட்க வேண்டியதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் இவற்றை யார் எடுத்துப் பார்க்க வேண்டும், எதற்காக, முக்கியமாக எந்த மாதத்தில் என்பதுதான் இங்கே கேள்வி.

இமேஜ் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேகத்தில் சர்வர் எழுப்புகிறவர் யூஎஸ்பி செருகி, மொழி தேர்ந்து, நேரமண்டலம் தேர்ந்து உட்கார்ந்திருப்பதில்லை. ஏற்கெனவே இயங்குதளம் நிறுவி முடித்த ஒரு வட்டின் நகல் அவருக்குக் கொடுக்கப்படுகிறது. அந்த நகல்தான் இமேஜ். நகல் என்பதாலேயே ஒரு சிக்கலும் உண்டு: ஆயிரம் மெஷின்கள் ஒரே அடையாளத்தோடு எழுந்துவிடக் கூடாது. ஆகவே கட்டும்போதே எஸ்எஸ்எச் சாவிகளையும் மெஷினின் அடையாள எண்ணையும் துடைத்துவிடுகிறார்கள். முதல்முறை விழித்ததும் கிளவுட்-இனிட் என்ற நிரல் பெரும்பாலான மேகங்களில் 169.254.169.254 என்ற முகவரியைத் தட்டி, என் பெயர் என்ன, உள்ளே வர யாருக்கு அனுமதி என்று கேட்டுத் தன்னை அமைத்துக்கொள்ளும். வட்டு பெரிதாக இருந்தால் அதற்கேற்ப இடத்தையும் நீட்டிக்கொள்ளும். உபுண்டுவுக்காகப் பிறந்த இந்த நிரல்தான் இன்று பெரும்பாலான லினக்ஸ் இமேஜ்களுக்குள் இருக்கிறது.

மேகத்துக்கென்று செதுக்கிய இமேஜில் வேண்டாதது எதுவும் இருக்காது. டெபியனின் ‘ஜெனரிக்கிளவுட்’ வகை தனிக் கெர்னலோடு வருகிறது. சவுண்டு கார்டு, வைஃபை போன்றவற்றுக்கான டிரைவர்கள் அதில் கிடையாது. இறக்கினால் 400 எம்பிக்கும் குறைவு. உண்மையான வன்பொருளில் ஓட்ட ‘ஜெனரிக்’ என்று இன்னொரு வகை. ‘நோகிளவுட்’ என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அதில் கிளவுட்-இனிட் இல்லை, கன்சோலில் ரூட்டாக நுழையக் கடவுச்சொல்லும் இல்லை. சோதனைக்கென்று வைத்தது அது. அதைக் கொண்டுபோய் நிஜ வேலைக்கு வைக்கிறவரைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை.

இவற்றை ஓட்டிப் பார்க்க இடம் இல்லை என்று கோலாலம்பூர்க்காரர்கள் இனிச் சொல்ல முடியாது. அமேசான் சிங்கப்பூரில் தன் மேக வட்டாரத்தைத் திறந்தது 2010இல். வெகுகாலம் நம்மவர்களின் சர்வர்கள் ஜொகூர் பாலத்துக்கு அப்பால்தான் இருந்தன. 2017 அக்டோபரில் அலிபாபா மலேசியாவில் தன் மையத்தைத் திறந்தது. 2024 ஆகஸ்ட் 22 அன்று அமேசானின் மலேசிய வட்டாரம் மூன்று மண்டலங்களோடு வந்தது. 2038க்குள் சுமார் 6.2 பில்லியன் அமெரிக்க டாலர் முதலீடு என்று அறிவித்தார்கள். மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதம் 2.2 பில்லியன் டாலர் அறிவித்து, ‘மலேசியா வெஸ்ட்’ வட்டாரத்தை 2025 மே மாதம் பெருங்கோலாலம்பூரில் திறந்தது. கூகுளும் 2 பில்லியன் டாலர் அறிவித்திருக்கிறது. இந்த எண்களெல்லாம் பத்திரிகைத் தலைப்புக்கு நன்றாக இருக்கும். நம் கேள்விக்குத் தேவையானது ஒன்றே ஒன்று: ஒரு சிறிய மெஷினை ஒருநாள் முழுக்க இங்கேயே ஓட்டிப் பார்த்து அழித்துவிட ஆகும் செலவு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு தே தாரிக் விலையைத் தாண்டாது.

ஒரு நுணுக்கத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அமேசானில் இமேஜ் என்பது வட்டாரத்துக்குக் கட்டுப்பட்டது. சிங்கப்பூரில் இருக்கும் இமேஜின் அடையாள எண் மலேசியாவில் செல்லாது. வெளியிடுகிறவர் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனியாக நகலெடுத்துவைக்க வேண்டும். போதாக்குறைக்கு, மலேசியா போன்ற புதிய வட்டாரங்களைக் கணக்கு வைத்திருப்பவரே இயக்கிவிட்டால்தான் திறக்கும். பழைய சிங்கப்பூர் ஸ்கிரிப்டில் வட்டாரப் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, இமேஜ் இல்லை என்ற பிழைச்செய்தியைப் பார்த்து விழித்தவர்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருவன்.

இனி ‘ஸ்டேபிள்’ என்ற சொல்லுக்கு வருவோம். நிலையானது என்று தமிழில் சொன்னதும் விழாதது, உடையாதது என்ற பொருள் நமக்குத் தோன்றிவிடுகிறது. லினக்ஸ் உலகில் அதன் பொருள் வேறு: இதற்கு மேல் இதில் எதையும் மாற்றமாட்டோம் என்ற வாக்கு. பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், பெரும் பிழைகள் சரியாகும், மற்றபடி தொகுப்புகள் அப்படியே நிற்கும். உங்கள் நிரல் அதில் ஓடும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. அந்தப் பதிப்பு வெளியாகும் நாள், கோரிக்கைகளுக்குக் கதவு சாத்தப்பட்டுவிட்ட நாளும்கூட.

டெபியனில் ஒரு தொகுப்பு முதலில் ‘சிட்’ என்ற நிலையற்ற கிளைக்குள் நுழைகிறது. பெரிய பிழை எதுவும் கண்டுபிடிக்கப்படாமல் அங்கே பொதுவாக 5 நாள் இருந்தால் ‘டெஸ்டிங்’ கிளைக்குப் போகும். அவசரம் என்றால் 2 நாள், அவசரமில்லை என்றால் 10 நாள். டெஸ்டிங் படிப்படியாக உறைந்து ஸ்டேபிள் ஆகும். டெபியன் 13, அதாவது ட்ரிக்ஸி, 2025 மார்ச் 15இல் உறையத் தொடங்கியது. ஏப்ரல் 15இல் மென்னுறைவு, மே 15இல் அது இன்னும் இறுகி, ஜூலை 27இல் முழு உறைவு, ஆகஸ்ட் 9இல் வெளியீடு. இவ்வளவு காலமும் சிட், டெஸ்டிங் இரண்டுக்கும் மேக இமேஜ்கள் தினமும் கட்டப்பட்டுக்கொண்டிருந்தன. எஃப்ஏஐ என்ற தானியங்கி நிறுவல் கருவிதான் அவற்றைக் கட்டுகிறது. உபுண்டு ஒவ்வோர் ஏப்ரலிலும் அக்டோபரிலும் வெளியாகும். இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் நீண்டகால ஆதரவுப் பதிப்பைத்தான் பெரும்பாலான அலுவலகங்கள் எடுத்துக்கொள்கின்றன. ஃபெடோராவின் ‘ராஹைட்’ ஓயாமல் ஓடும் ஆறு. அதைத் தொட்டுப் பார்க்கலாம், வீடு கட்ட முடியாது.

‘டெய்லி’ என்ற சொல் இங்கே பலரைக் குழப்புகிறது. உபுண்டு 24.04இன் டெய்லி இமேஜை இன்று எடுத்தால், அது ஸ்டேபிள் பதிப்போடு அன்றுவரை வந்த திருத்தங்களையும் சேர்த்துக் கட்டியது, பயப்பட ஒன்றுமில்லை. அதே பெயரில் 2024 மார்ச் மாதம் எடுத்திருந்தால் அது இன்னும் பிறக்காத பதிப்பு. டெய்லி என்பது கட்டிய தேதியைச் சொல்கிறது, பக்குவத்தைச் சொல்வதில்லை. இட்லி மாவு இன்று அரைத்தது என்பதும் புளித்துவிட்டது என்பதும் ஒன்றா?

2024 மார்ச் என்று சொன்னேன். வெளியீட்டுக்கு முந்திய இமேஜ்களைப் பற்றி யார் பேசினாலும் அந்த மாதத்தைத் தாண்டிப் போக முடியாது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறு கருவி. ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருப்பது. அதன் பராமரிப்பில் ஈராண்டுக்கு மேல் பொறுமையாக உதவி, நம்பிக்கை பெற்ற ‘ஜியா டான்’ என்ற பெயருக்குப் பின்னால் இருந்தவர், 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் ஒரு கள்ளவாசலை ஒளித்துவைத்தார். டெபியன், ஃபெடோரா வகைத் தொகுப்பாகக் கட்டும்போது மட்டும் அது உயிர்பெறும். எஸ்எஸ்எச் சர்வர் நேரடியாக இந்தக் கருவியைப் பயன்படுத்துவதில்லை. ஆனால் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி வழியாக அதன் நூலகம் உள்ளே ஏறிவிடும். அந்தச் சந்துதான் குறி. உரிய சாவி வைத்திருப்பவர் சர்வருக்குள் எந்தக் கட்டளையையும் ஓட்டலாம்.

கண்டுபிடித்தது பாதுகாப்பு நிறுவனம் எதுவும் இல்லை. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் மைக்ரோசாஃப்டில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்கிறவர். டெபியன் சிட் ஓடிய ஒரு மெஷினில் வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்எச் உள்நுழைவு வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக எடுப்பதையும் சிபியு தேவையில்லாமல் உழைப்பதையும் கவனித்தார். விடாமல் தோண்டி, மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார். அதற்குள் அந்தப் பதிப்பு டெபியன் சிட்டிலும் டெஸ்டிங்கிலும் ஃபெடோரா ராஹைடிலும் ஓப்பன்சூசே டம்பிள்வீடிலும் புகுந்திருந்தது. உபுண்டு 24.04க்குள் 5.6.1ஐ எடுத்துக்கொள்ளும்படி ஜியா டான் பெயரில் கோரிக்கை வந்தது அதற்கு முந்தின நாள்தான். உபுண்டு தன் பீட்டாவை ஒரு வாரம் தள்ளி ஏப்ரல் 11க்குக் கொண்டுபோனது. பிப்ரவரி 26க்குப் பிறகு கட்டிய தொகுப்புகள் அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். ஏப்ரல் 25இல் குறித்த நாளிலேயே வெளியிட்டார்கள் என்பது எனக்கு இன்னும் வியப்புத்தான். டெபியன் ஸ்டேபிளில் இருந்தது பழைய 5.4.1, கள்ளவாசல் அதைத் தொடவில்லை.

இந்தக் கதையை இரு தரப்பாரும் தங்களுக்குச் சாதகமாகச் சொல்கிறார்கள். பார்த்தாயா, டெஸ்டிங் இமேஜை எடுத்தவன் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது என்பார் ஒருவர். டெஸ்டிங் இருந்ததால்தான் ஸ்டேபிள் தப்பியது என்பார் அடுத்தவர். இருவர் சொல்வதும் உண்மை. என் கண்ணில் அதிகம் படுவது வேறொன்று: அந்த மெஷினில் வாடிக்கையாளர் தரவு எதுவும் இல்லை, அங்கே ஒருவர் அளந்துகொண்டிருந்தார். வெள்ளோட்டத்துக்கு இரண்டும் வேண்டும். சாமி ஏறியிருக்கக் கூடாது, ஸ்தபதி கூடவே நடக்க வேண்டும். முன்பதிப்பை எழுப்பி மூலையில் ஓடவிட்டு மறந்துபோவது வெள்ளோட்டம் ஆகாது. மறதிக்குச் சாட்சியும் இருக்கிறது. மேக இமேஜின் தம்பியான கன்டெய்னர் இமேஜ்களில், அந்தக் கள்ளவாசலைச் சுமந்த 30க்கும் மேற்பட்டவை டாக்கர் ஹப்பில் இன்னும் கிடைப்பதாக பைனார்லி நிறுவனம் 2025 ஆகஸ்டில் சொன்னது. கண்டுபிடித்து ஒன்றரை ஆண்டுக்குக் கிட்டத்தில்! பெரும்பாலும் அந்த வாரங்களில் கட்டப்பட்ட டெபியன் முன்பதிப்புகளும் அவற்றின் மேல் கட்டியவையும்தான் அவை.

இதெல்லாம் உலகக் கதை. கிள்ளானுக்கு வருவோம். ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு துணிக்கடையை மனத்தில் வைத்துக்கொள்வோம். சரக்கு, கணக்கு, விலைச்சீட்டு எல்லாம் மேகத்தில் ஓடும் ஒரு மென்பொருளில். அதைப் பார்த்துக்கொள்வது மூன்று பேர் கொண்ட ஒரு சின்ன அலுவலகம். இதே மாதிரி இருபது கடை அவர்கள் கையில். உள்நாட்டு வருமான வரி வாரியம் மின்விலைப்பட்டியலை 2024 ஆகஸ்ட் 1இல் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கி, 2025 ஜனவரி 1, ஜூலை 1 என்று படிப்படியாகச் சிறியவர்கள் பக்கம் இறக்கியது. 50 லட்சம் வெள்ளிக்கு மேல் வியாபாரம் செய்பவர்களுக்கு ஜூலை 1. ட்ரிக்ஸி உறைந்து இறுகியதும் அதே காலத்தில்தான். மூன்று பேருக்கு வரி வாரியத்தின் தேதிதான் கண்ணில் படும், டெபியனின் தேதி படாது. அதைக் குறை சொல்லவும் முடியாது.

ஆனால் அந்த ஏப்ரலில் யாராவது ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி ட்ரிக்ஸியின் டெஸ்டிங் இமேஜை எழுப்பியிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? முதலாவது, பில்லைப் பிடிஎஃப் ஆக்குவதற்குப் பல கணக்கு மென்பொருள்கள் நம்பியிருந்த ‘டபிள்யூகே-எச்டிஎம்எல்-டு-பிடிஎஃப்’ என்ற கருவி டெபியன் 12இல் இருந்தது, 13இல் இல்லை. அதன் மூலத் திட்டம் 2023 ஜனவரியிலேயே மூடப்பட்டுவிட்டது. இரண்டாவது, ட்ரிக்ஸியில் தற்காலிகக் கோப்புகளுக்கான ‘டிஎம்பி’ அடைவு வட்டிலிருந்து நினைவகத்துக்கு மாறிவிட்டது. மெமரியில் பாதிவரை அது எடுத்துக்கொள்ளலாம். 64 ஜிபி மெஷினில் இது செய்தியே இல்லை. சிக்கனத்துக்காக 1 ஜிபி மெஷினில் ஓடும் கடையின் மாதக் கடைசி அறிக்கை, தற்காலிகக் கோப்பை அங்கே கொட்டினால் மெமரி நிறைந்து தரவுத்தளமே விழலாம். பணக்காரப் பயனர்களுக்குத் தெரியாமலே போகக்கூடிய பிழை இது. ஏழை மெஷின்தான் காட்டிக்கொடுக்கும். பெரிய நிறுவனங்களின் சோதனைக்கூடம் நமக்கும் சேர்த்துப் பார்த்துவிடும் என்று நம்பியிருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இதைவிட நுட்பமான ஒன்று 2018இல் நடந்தது. எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்ற விதி ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்தில் இருக்கிறது. அதன் 2.28ஆம் பதிப்பு அந்த விதிகளைப் பெருமளவில் மாற்றியது. அடுத்த ஆண்டு டெபியன் 10 அதைச் சுமந்து வந்தது. போஸ்ட்கிரெஸில் பெயர்களுக்குக் கட்டிய அட்டவணைகள் பழைய வரிசையில் இருக்க, கேட்கிற நிரல் புதிய வரிசையில் தேட, இருக்கிற வாடிக்கையாளர் இல்லை என்று பதில் வரும். பிழைச்செய்தி எதுவும் வராது. ஒரே பெயரை இரண்டாம் முறை சேர்க்கவும் விட்டுவிடும். தரவின் ஒரு நகலை எடுத்துக்கொண்டுபோய் முன்பதிப்பில் ஏற்றி அட்டவணைகளைச் சரிபார்த்தவர்களால், ஸ்டேபிள் வருவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ள முடிந்திருக்கும். இமேஜ் தன்னளவில் எழுந்து நிற்கிறதா என்று பார்ப்பது பாதி வேலைகூட இல்லை.

ஸ்டேபிள் என்று நம்பி உட்கார்ந்திருந்தவர்களின் காலடியிலேயே தரை நகர்ந்த கதையும் உண்டு. 2020 டிசம்பர் 8 அன்று ரெட்ஹேட், சென்ட்ஓஎஸ் லினக்ஸ் 8 அடுத்த ஆண்டின் முடிவோடு நிற்கும் என்றும், இனி சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் மட்டும்தான் என்றும் அறிவித்தது. அதுவரை ரெட்ஹேட்டின் வணிகப் பதிப்புக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த சென்ட்ஓஎஸ், ஒரே இரவில் அதற்கு முன்னால் போகிற ஒன்றாகிவிட்டது. வெளியீட்டுக்கு முந்திய இமேஜை வேண்டாம் என்று ஒதுங்கியிருந்தவர்களுக்கும் அது வீடு தேடி வந்தது. ஆல்மாலினக்ஸும் ராக்கிலினக்ஸும் அந்தக் கோபத்தில் பிறந்தவை. அமேசானின் கதை கொஞ்சம் வேடிக்கை: ‘அமேசான் லினக்ஸ் 2022’ என்று 2021 நவம்பரில் முன்னோட்டம் விட்டார்கள், வெளியானது 2023 மார்ச்சில், ‘2023’ என்ற பெயரில். முன்னோட்ட இமேஜின் பெயரை ஸ்கிரிப்டில் எழுதிவைத்தவர்கள் அதை மாற்றவேண்டி வந்தது.

எதிர்க்கருத்து ஒன்றுக்குப் பதில் சொல்லாமல் போக முடியாது: இதற்கெல்லாம் நேரம் யாருக்கு இருக்கிறது, வெளியான பிறகு ஆறு மாதம் காத்திருந்தால் போதாதா? பழுத்த நிர்வாகிகள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள், அதில் அறிவும் இருக்கிறது. உபுண்டுவே பழைய நீண்டகாலப் பதிப்பிலிருந்து புதியதற்கு ஏறச்சொல்லி அழைப்பது முதல் திருத்தப் பதிப்புக்குப் பிறகுதான், 24.04.1 கூட இரண்டு வாரம் தாமதித்து 2024 ஆகஸ்ட் 29இல்தான் வந்தது. டெபியன் 12க்கு 2028 ஜூன் வரை ஏதோ ஒரு வடிவில் ஆதரவு உண்டு. ஆகவே நிஜ வேலையை நகர்த்த அவசரமே இல்லை. நான் சொல்வது நகர்த்துவதைப் பற்றி அல்ல. காத்திருப்பவருக்குப் பிறர் கண்ட பிழைகள் சரியாகி வரும். தன் பிழை அப்படியே காத்திருக்கும். தமிழ்ப் பில் அடிக்கும் கடைக்கும் 1 ஜிபி மெஷினுக்கும் உரிய பிழைகளை வேறு யாரும் கண்டுபிடித்துக் கொடுக்கமாட்டார்கள்.

எந்த மாதம் என்று கேட்டேன் அல்லவா. சிட் இமேஜைத் தினமும் துரத்துவது தொகுப்பாளர்களின் வேலை, நம் வேலை அல்ல. முழு உறைவுக்குப் பிறகு பார்ப்பதும் வீண், அப்போது பெரும் பிழைகளைத் தவிர எதையும் தொடமாட்டார்கள். இடைப்பட்ட காலம் ஒன்று இருக்கிறது: மென்னுறைவு தொடங்கியதிலிருந்து முழு உறைவு வரை. ட்ரிக்ஸிக்கு அது ஏப்ரல் 15 முதல் ஜூலை 27 வரை, பதினைந்து வாரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பொருள்கள் ஓரளவு நின்றுவிட்டன, புகார் சொன்னால் காதில் விழும். உபுண்டுவுக்கு அதே காலம் பீட்டாவை ஒட்டிய சில வாரங்கள்தான். அந்தக் காலத்தில் இமேஜை எழுப்பி, தரவின் நகலைப் பெயர்களும் அடையாள அட்டை எண்களும் அழித்து ஏற்றி, பில் ஒன்று அடித்து, மாத அறிக்கை ஓட்டிப் பார்த்துவிட்டு, அன்றைக்கே மெஷினை அழித்துவிடலாம். பெயர்களை அழிக்கச் சொல்வது சம்பிரதாயத்துக்கு அல்ல. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தங்களால் 2025 ஜூன் 1 முதல் தரவுக் கசிவை அறிவிப்பது கட்டாயம். கள்ளவாசல் இருக்கக்கூடிய மெஷினில் வாடிக்கையாளரின் மைகாட் எண்ணை வைப்பவர் அதையும் நினைத்துக்கொள்ளட்டும்.

திறந்த மூல மென்பொருளுக்கு இந்த ஊர் புதிதில்லை. மலேசிய அரசு பொதுத்துறைக்கான திறந்த மூலப் பெருந்திட்டத்தை 2004இல் அறிவித்தது. 2012 மே மாதம் ஃபெடோரா பயனர்களும் ஆக்குநர்களும் கூடும் ஃபுட்கான் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. தமிழ்க் கணிமைக்கும் இது தாய்வீடுகளில் ஒன்று: முத்து நெடுமாறனின் முரசு 1985இல் இங்கே தொடங்கியது, 2001இல் தமிழ் இணைய மாநாடும் இங்கே கூடியது. எழுத்துரு, விசைப்பலகை, குறியீட்டுத் தரம் என்று தீர்மானங்கள் இறுகும் முன்பே போய் உட்கார்ந்து பேசிய தலைமுறை அது.

அந்தப் பழக்கத்துக்கு இன்றும் வேலை இருக்கிறது. மேக இமேஜில் தமிழ் எழுத்துரு கிடையாது. செதுக்கும்போது எழுத்துருக்கள்தான் முதலில் போகும். புதிய இமேஜில் பில் அடித்தால் தமிழ்ப் பெயருக்குப் பதில் கட்டம் கட்டமாக வருவது இதனால்தான். லோகித் தமிழ் எழுத்துருத் தொகுப்பைக் கிளவுட்-இனிட்டின் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்தால் தீர்ந்தது. இன்னொன்று அவ்வளவு எளிதாகத் தீராது. தேதி, எண், நாணயம் எழுதும் வழக்கத்தை இயங்குதளத்துக்குச் சொல்லும் மொழி-நாட்டு வரையறைகளில், யூனிகோடின் தரவுத்தொகுப்பில் ‘தமிழ்–மலேசியா’ இருக்கிறது. ஜிலிப்சியில் ‘தமிழ்–இந்தியா’வும் ‘தமிழ்–இலங்கை’யும்தான் உண்டு. கிள்ளான் கடைக்காரர் தமிழைத் தேர்ந்தால் ரிங்கிட் இருக்கவேண்டிய இடத்தில் ரூபாய் வந்து உட்காரும். ஜிலிப்சி ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வெளியாகிறது. அந்த வரையறை ஒரு சிறிய உரைக்கோப்பு. யாராவது எழுதி அனுப்பி அவர்கள் ஏற்றுக்கொண்டால், டெபியனில் அது முதலில் வந்து இறங்கப்போவது ஏதோ ஒரு நாளின் சிட் இமேஜில்தான். டெபியன் 14க்கு ஃபோர்க்கி என்று பெயர் வைத்தாயிற்று.